எது வேணுமோ எடுத்துக்கோ

அடுப்படிப் பலகையின் மேல் ஆறு பால் டின்கள் வரிசையாக நின்றன. என் மடியில் இரண்டு மாதக் குழந்தை அழுதுகொண்டிருந்தது. என் வீட்டுக்காரர் இடுப்பில் கை வைத்துக்கொண்டு, சீர் வரிசை கொண்டுவந்து இறக்கியவர் மாதிரி நின்றார்.

"எது வேணுமோ எடுத்துக்கோ. இங்கிலாந்து மகாராணி அரமனையிலகூட ஒண்ணுதான் இருக்கும், ஒனக்கு ஆறு" என்றார்.

நான் எடுத்தேன். எடுப்பதற்கு ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை. அந்த ஒரு நிமிஷத்தைப் பற்றித்தான் இந்த வாரம் எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

சென்ற வாரம் இங்கே நான் எழுதிய, சிங்கப்பூரில் கப்பலை விட்டு இறங்கிய கதையைப் படித்துவிட்டு ஒரு வாசகர் கடிதம் போட்டிருக்கிறார். நல்ல மனிதர், கையெழுத்தும் அழகு. அந்தக் காலத்தில் தேக்காவில் என்ன கிடைத்திருக்கும், இன்றைக்கு ஒரு சோப்பு வாங்கப் போனால் இருபது சோப்பு காட்டுகிறான், நாமெல்லாம் கொடுத்து வைத்தவர்கள் இல்லையா என்று கேட்கிறார். கடிதத்தை மடித்து வைத்துவிட்டேன். அன்றைக்கு எனக்குச் சோறு இறங்கவில்லை. அவர்மேல் தப்பில்லை, என் வீட்டில் நடந்தது அவருக்கு எப்படித் தெரியும்?

ஒரே அரிசி, ஒரே பருப்பு

எங்கள் மளிகைக் கடை சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில் இருந்தது. முன்னால் கடை, பின்னால் ஓர் அறையும் அடுப்படியும். அதுதான் வீடு. காய்ந்த மிளகாய், கருவாடு, ஈரச் சாக்கு மூன்றும் சேர்ந்த வாசனை என் புடவையிலும் தலைமுடியிலும் ஏறிக்கொண்டுவிட்டது. வந்த புதிதில் குமட்டியது. அப்புறம் அது இல்லாவிட்டால் தூக்கம் வராது என்றாகிவிட்டது.

நான் வந்தபோது கடையில் ஒரே அரிசி, ரங்கூன் அரிசி. ஒரே பருப்பு. ஒரு பீப்பாயில் நல்லெண்ணெய். வருகிறவர்கள் எவ்வளவு என்று மட்டும் சொல்வார்கள், எது என்று யாரும் கேட்டதில்லை. அரிசியில் கல் கிடந்தால் என் வீட்டுக்காரரை நாலு வார்த்தை திட்டிவிட்டு மறுவாரமும் அவரிடமே வருவார்கள்.

ஒருநாள் அவர் ஏதோ வேலையாக டவுனுக்குப் போனார். ஆற்றுக்கு அந்தப் பக்கம் துரைமார் சாமான் வாங்குகிற பெரிய கடை ஒன்றை வாசலில் நின்று பார்த்திருக்கிறார். உள்ளே போக அவருக்குத் தைரியம் வரவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் ஒரே சாமான் பத்து விதமாக அடுக்கியிருந்ததாம். திரும்பி வந்தவர் இரண்டு நாள் சரியாகச் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் ஒரு சீனத் தச்சரைக் கூட்டிவந்து சுவர் நெடுகப் பலகை அடித்தார்.

அதற்குப் பிறகு எங்கள் கடைக்கு வந்ததை எல்லாம் எழுதினால் பத்திரிகை போதாது. நாலு சோப்பு, ஐந்து தீப்பெட்டி, மூன்று பிஸ்கட், ஆறு டின் பால். எல்லாவற்றிலும் படம். எழுத்து இங்கிலீஷில் இருக்கும், சிலதில் சீனத்திலும் இருக்கும், தமிழில் ஒரு எழுத்து இருக்காது. அதனால் ஜனங்கள் படத்தையே பேராக்கிக்கொண்டார்கள். மயில் சோப்பு, விளக்குத் தீப்பெட்டி, ரயில் பிஸ்கட். எனக்குத் தமிழ் படிக்க வரும், அப்பா சொல்லிக் கொடுத்தது. அந்தப் பலகைக்கு முன்னால் நானும் எழுத்து அறியாதவள்தான்.

ஒன்றை மறைக்காமல் சொல்லவேண்டும். அது எனக்கும் பிடித்திருந்தது. மலாயாவில் ஜொகூர்ப் பக்கம் ரப்பர் தோட்டத்தில் வேலை செய்துவிட்டு வந்த ஒருவர் எங்கள் கடைக்கு வருவார். தோட்டத்தில் கங்காணி கடை ஒன்றுதான், புழுத்த அரிசியைப் போட்டாலும் வாங்கித்தான் ஆகவேண்டும் என்று சொல்வார். அவர் எங்கள் கடையில் இரண்டு கையிலும் இரண்டு சோப்பை வைத்துக்கொண்டு மாறி மாறி முகர்ந்து பார்ப்பார். அரைமணி நேரம் ஆகும். நாள் முழுக்க அடுத்தவன் சொன்னதைச் செய்கிறவனை உனக்கு எது வேண்டும் என்று ஒருத்தர் கேட்பது பெரிய மரியாதை. அதை நான் குறைத்துப் பேசமாட்டேன்.

வீரய்யாவின் மாடு

என் மூத்த மகள் சிவகாமி பிறந்து ஒன்றரை மாதத்தில் எனக்குக் குளிர்காய்ச்சல் வந்தது. பன்னிரண்டு நாள் கிடந்தேன். எழுந்தபோது மார்பில் பால் இல்லை. என்னென்னவோ தின்னச் சொன்னார்கள், தின்றேன். பால் சுறாக் கருவாடு, பூண்டு, வெந்தயக் கஞ்சி என்று ஒன்றையும் விடவில்லை. பால் வரவில்லை. பிள்ளை மார்பில் வாய் வைத்து இழுத்துப் பார்த்துவிட்டு, முகத்தைத் திருப்பிக்கொண்டு அழும். அந்த அழுகையை இன்னும் என்னால் விவரித்து எழுத முடியவில்லை.

அப்போது எங்களுக்குப் பால் கொடுத்தது வீரய்யா. பக்கத்துக் கொட்டகையில் நாலு மாடு வைத்திருந்தார். காலையில் பசுவையும் கன்றையும் ஓட்டிக்கொண்டு கடைக்கு முன்னால் அஞ்சடி நடைபாதை ஓரத்தில் வந்து நிற்பார். நம் கண் முன்னால் கறந்து நம் பாத்திரத்தில் ஊற்றவேண்டும், அதுதான் வழக்கம். கறப்பதற்கு முன் செம்பைக் கவிழ்த்துக் காட்டச் சொல்வோம். அடியில் முன்கூட்டியே தண்ணீர் வைத்திருப்பார்கள், பால்காரர்களின் பழைய வித்தை அது. வீரய்யா கவிழ்த்துக் காட்டுவார், காட்டிக்கொண்டே முனகுவார். எங்கள் இரண்டு பேருக்கும் சண்டை இல்லாமல் ஒரு காலை விடிந்ததில்லை.

அது மழைக்காலம். நாலைந்து நாளாகப் பால் நீர்த்துப்போயிருந்தது. விரலில் தொட்டு நகத்தில் விட்டால் நிற்காமல் ஓடியது. புல் தண்ணீராக இருக்கிறது, பாலும் அப்படித்தான் இருக்கும் என்றார் வீரய்யா. நான் நம்பவில்லை. காய்ச்சலில் கிடந்து எழுந்த எரிச்சல், பிள்ளையின் அழுகை, எல்லாமாகச் சேர்ந்து வாயில் வந்ததைப் பேசிவிட்டேன். நாளையிலிருந்து வரவேண்டாம், எங்கள் கடையிலேயே ஆறு விதமான பால் இருக்கிறது என்றேன்.

வீரய்யா பசுவின் கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"எம்மேல கோவம்னா வேற மாடு ஓட்டியாறேன் தாயி. டின்ன மட்டும் குடுக்காதீங்க. பச்சப்புள்ள."

ஒரு வாடிக்கை போகிறதே என்று புலம்புகிறார் என்றுதான் நினைத்தேன். உள்ளே போய்விட்டேன். அன்று மத்தியானம்தான் என் வீட்டுக்காரர் அந்த ஆறு டின்னையும் கொண்டுவந்து வைத்தார்.

மடியில் நீலக் குழந்தை

ஒன்றில் கப்பல். ஒன்றில் ரோஜாப்பூ. ஒன்றில் மணிக்கூண்டு, ஒன்றில் மீசை வைத்த பட்டாளத்துக்காரன், ஒன்றில் பனிமலை. ஆறாவது டின்னில் ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள். அவள் மடியில் கொழுகொழுவென்று ஒரு குழந்தை, நீலச் சட்டை போட்டிருந்தது. தாய் குனிந்து அதன் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

அவள் வெள்ளைக்காரச்சி என்பது எனக்குத் தெரியாமல் இல்லை. இருந்தாலும் நீலக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு வாயைப் பார்க்கிறவள் நம் கண்ணுக்கு வேறு யாராகத் தெரிவாள்? யசோதையும் கண்ணனும்தான். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. அந்த டின்னை எடுத்துச் சாமி படத்தின் கீழே வைத்து, மூடியில் குங்குமப் பொட்டு இட்டு, கும்பிட்டுவிட்டுத்தான் துளை போட்டேன். இதை எழுதும்போது எனக்கே அவமானமாக இருக்கிறது.

கெட்டியான பால், தித்திப்பு வாசனை. வெந்நீரில் கரைத்துச் சங்கில் ஊற்றினேன். சிவகாமி சப்புக்கொட்டிக் குடித்தாள். குடித்துவிட்டுத் தூங்கினாள். பத்து நாளாகத் தூங்காத நானும் அவள் பக்கத்தில் படுத்துத் தூங்கினேன்.

முதல் மாதம் அவள் ஊதிக்கொண்டே வந்தாள். கன்னம் இரண்டும் பூரித்தன. கடைக்கு வந்தவர்கள் எல்லாம் வாங்கிக் கொஞ்சினார்கள். என் வீட்டுக்காரர் அவளைத் தூக்கிக்கொண்டு பலகைக்கு முன்னால் நின்று, எந்தப் பால் என்று கேட்கிறவர்களுக்கு அந்த டின்னைக் காட்டுவார். எத்தனை பேர் பார்த்து வாங்கிக்கொண்டு போனார்களோ, அதை இப்போது நினைக்க பயமாக இருக்கிறது.

அப்புறம் கொழுகொழுப்பு வற்றத் தொடங்கியது. வயிறு மட்டும் உப்பியது. அடிக்கடி பேதி. தலைமுடி காய்ந்த நார் மாதிரி ஆனது. வாசல் பக்கம் தூக்கிப் போனால் வெளிச்சத்துக்குக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு என் தோளில் முகத்தைப் புதைப்பாள். வைத்தியர் மாந்தம் என்று சொல்லி மருந்து கொடுத்தார்.

பால்தான் ஒத்துக்கொள்ளவில்லையோ என்று எனக்கும் தோன்றாமல் இல்லை. ஆனால் எதை மாற்றுவது, எதற்கு மாற்றுவது? ஒரே பால் இருந்திருந்தால் அதை நிறுத்திவிட்டுக் கஞ்சித் தெளிவு கொடுத்திருப்பேன். ஆறு இருந்ததால் ஆறையும் நினைத்து நினைத்துக் குழம்பினேன். ஒருநாள் ரோஜாப்பூ டின்னைத் திறந்து கொடுத்தேன். இரண்டு வேளை குடித்தாள், இரண்டு வேளையும் கக்கிவிட்டாள். பயந்துபோய் மறுபடி பழைய டின்னுக்கே வந்துவிட்டேன். கண்ணனை விட்டுப் போனதற்குத் தண்டனை என்றுகூட நினைத்தேன்.

நடுவில் ஒருநாள் வீரய்யா சந்து முனையில் மாடு ஓட்டிக்கொண்டு போவதைப் பார்த்தேன். கூப்பிடலாமா என்று நினைத்தேன். அவ்வளவு பேசிவிட்டு எந்த முகத்தோடு கூப்பிடுவது என்று நின்றுவிட்டேன். அந்த ரோஷத்துக்கு என்னை நானே செருப்பால் அடித்துக்கொள்ளவேண்டும்.

ஏழாவது மாதம் ஒரு பிற்பகல், அஞ்சடியில் மழைச் சாரல் அடித்துக்கொண்டிருந்தபோது, சிவகாமி என் மடியில் இறந்தாள். அழவில்லை. ஒரு பெருமூச்சு விட்டாள், அவ்வளவுதான்.

நீதானே எடுத்தாய்

மூன்றாம் நாள், வந்தவர்கள் எல்லாம் போன பிறகு நான் அவரிடம் கேட்டேன். ஏன் அந்தப் பாலைக் கொண்டுவந்தீர்கள் என்று கேட்டேன். கத்தவில்லை, கத்தத் தெம்பும் இல்லை. சும்மா கேட்டேன்.

அவர் சுவரைப் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"நான் ஆறு கொண்டாந்து வச்சேன். நீதானே எடுத்த."

அவர் கெட்ட மனிதர் இல்லை. பிள்ளையைப் புதைத்துவிட்டு வந்தவர் கடைக்குள் அரிசி மூட்டைமேல் உட்கார்ந்து வாயைப் பொத்திக்கொண்டு அழுததை நான் பார்த்தேன். அந்த வார்த்தை அவர் வாயில் தானாக வந்தது. அதில் ஒரு சொல்கூடப் பொய் இல்லை என்பதுதான் என்னால் தாங்க முடியாமல் போனது. நான்தான் எடுத்தேன்.

வீரய்யாவின் பாலைக் குடித்துப் பிள்ளைக்கு ஏதாவது ஆகியிருந்தால் சந்தே கூடி அவரை உண்டு இல்லை என்று பண்ணியிருக்கும். அவரும் தப்பித்துப் போயிருக்க முடியாது, மறுநாள் காலையில் அதே மாட்டோடு அதே வாசலில் வந்து நிற்கவேண்டியவர். இந்த டின்னைச் செய்தவன் யார்? எந்தச் சீமை? அவனிடம் யார் போய்ச் செம்பைக் கவிழ்த்துக் காட்டு என்று சொல்வது? அவன் ஆறில் ஒன்றாகத் தன் டின்னை வைத்துவிட்டு ஒதுங்கிக்கொண்டான். பழி மட்டும் என் அடுப்படிக்கு வந்து உட்கார்ந்துகொண்டது. நிறைய வைத்து எடுத்துக்கொள் என்று சொல்வதில் இப்படி ஒரு வசதி இருக்கிறது, கொடுத்து வைத்தவர்கள் என்று எழுதிய வாசகர் அதையும் கொஞ்சம் நினைத்துப் பார்க்கட்டும்.

சின்ன எழுத்து

எங்கள் மாடியில் ஞானம்மா என்று ஒரு டீச்சரம்மா குடியிருந்தாள். திருநெல்வேலிப் பக்கத்துக் கிறிஸ்தவள், பெண்பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் இங்கிலீஷ் சொல்லிக் கொடுத்தவள். பிள்ளை இறந்தபோது விடுமுறைக்கு மலாக்கா போயிருந்தாள். திரும்பி வந்ததும் துக்கம் விசாரிக்க இறங்கி வந்தாள். காலி டின் ஒன்றை நான் உப்புப் போட்டு வைத்திருந்தேன். பேசிக்கொண்டே அதைக் கையில் எடுத்துத் திருப்பினாள்.

"இது மெஷின்ல ஆடை எடுத்த பாலுன்னு போட்டிருக்கே. காப்பிக்கு ஊத்தலாம், புள்ளைக்கு வேண்டிய சத்து இருக்காது. இதையா புள்ளைக்குக் குடுத்தீங்க?"

கேட்டுவிட்டு என் முகத்தைப் பார்த்தாள். டின்னை மெதுவாகக் கீழே வைத்தாள்.

நான் எழுந்து கடைக்குள் போய் மற்ற ஐந்தையும் கொண்டுவந்தேன். ஒவ்வொன்றாகப் படிக்கச் சொன்னேன். அவள் வேண்டாம் என்றாள், நான் விடவில்லை. பட்டாளத்துக்காரனும் ஆடை எடுத்த பால்தான். கப்பல், மணிக்கூண்டு, பனிமலை மூன்றும் முழுப்பால். ரோஜாப்பூவும் முழுப்பால். அந்த வரி டின்னின் அடியோரத்தில், எறும்பு ஊர்கிற அளவு எழுத்தில் இருந்தது. பொய் சொல்லவில்லை, மறைக்கவும் இல்லை. படிக்கத் தெரிந்தவர்களுக்கு எல்லாம் சொல்லியிருந்தார்கள்.

அன்றைக்கே அவரிடம் போய் அந்த இரண்டு டின்னையும் பலகையிலிருந்து எடுக்கச் சொன்னேன்.  கேட்டதும் அவர் முகம் கறுத்துப்போனது. எடுத்துவிடுவார் என்று நினைத்தேன். ஒரு வாரம் கழித்தும் அவை அங்கேயே இருந்தன. மறுபடி கேட்டேன். அதுதான் விலை குறைச்சல், அதைத்தான் ஜனங்கள் கேட்டு வாங்குகிறார்கள், நான் எடுத்துவிட்டால் எதிர்க்கடையில் வாங்கப்போகிறார்கள், நான் யார் கையிலும் திணிக்கவில்லையே என்றார். சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை. அந்தப் பலகையையும் பார்க்கவில்லை.

கைப்பிள்ளையோடு வந்தவள்

அடுத்த வருஷம். எனக்கு இரண்டாவது பிள்ளை வயிற்றில் ஐந்து மாதம். அவர் பின்னால் மூட்டை பிரித்துக்கொண்டிருந்தால் கடையை நான் பார்ப்பேன்.

ஒரு சாயங்காலம் ஒரு பெண் வந்தாள். ரோடு போடுகிற வேலைக்காரர் ஒருவரின் மனைவி, கூலிக்காரர்கள் குடியிருக்கும் லயத்தில் இருந்து வந்திருந்தாள். இடுப்பில் கைப்பிள்ளை, மூன்று மாதம் இருக்கும். பலகைக்கு முன்னால் நின்று ஆறு டின்னையும் பார்த்தாள். அவள் கண் போகிற இடம் எனக்குத் தெரிந்துவிட்டது. கையை நீட்டி அந்த மடிக்குழந்தைப் படத்தைக் காட்டினாள்.

அது பிள்ளைக்கு ஆகாது, ரோஜாப்பூ எடுத்துக்கொள் என்றேன். அவள் ரோஜாப்பூவின் விலை கேட்டாள். சொன்னேன். அவள் முகத்தில் ஒரு சிரிப்பு வந்தது. எனக்கு அது பழக்கமான, நம்பாதவளின் சிரிப்பு, நானே வீரய்யாவிடம் சிரித்திருக்கிறேன்.

"வெல கூடுனதத்தான் எடுக்கச் சொல்லுவீங்க" என்றாள்.

இல்லையம்மா, உண்மையாகவே இது பிள்ளைக்குக் கெடுதல் என்றேன்.

அவள் சிரிப்பை நிறுத்திவிட்டு என்னை நேராகப் பார்த்தாள். கோபம் ஒன்றும் இல்லை, தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"கெடுதல்னா ஏங்க்கா விக்கிறீங்க?"

அப்போது கடையில் இன்னும் மூன்று பேர் நின்றார்கள். பின்னால் மூட்டை பிரிக்கிற சத்தம் நின்றுவிட்டது. அவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்று எனக்குத் தெரியும். என் பிள்ளை இதைக் குடித்துத்தான் செத்தது என்று சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்தது. சொன்னால் மறுநாள் தேக்கா முழுக்கப் பரவும். அதற்குப் பிறகு எங்கள் கடையில் யார் உப்பு வாங்குவார்கள்? வயிற்றில் இருந்த பிள்ளைக்கு அந்தக் கடையிலிருந்துதான் சோறு வரவேண்டும்.

சிவகாமிக்கு எடுத்தபோது நான் ஒன்றும் அறியாதவள். இந்தத் தடவை எல்லாம் அறிந்து, நின்று நிதானித்து, என் வாயை மூடிக்கொண்டேன். டின்னை எடுத்துத் தாளில் சுற்றி அவள் கையில் கொடுத்தேன். பிள்ளை என்னைப் பார்த்துக் கையை ஆட்டியது.

அவள் அதற்குப் பிறகு வரவில்லை. ஒரு மாதம், இரண்டு மாதம் வாசலைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். கடைசியில் பொறுக்கமுடியாமல் அவரிடம் கேட்டேன், அந்த லயத்துப் பெண்ணை எங்கேயாவது பார்த்தீர்களா என்று. அவர் தராசில் பருப்புப் போட்டுக்கொண்டிருந்தார், தலையைத் தூக்கவில்லை.

"வேற கடைக்குப் போயிருப்பா. இப்பத்தான் இத்தன கடை இருக்கே."